வருசத்துக்கு ஒரு குட்டி

ஆழியாறு அணையைத் தாண்டி வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் பேருந்து மெல்லத் திரும்பும்போது, சன்னலோரம் இருப்பவர்களின் கண் தானாகப் பாறைப் பக்கம் போகும். பல நாட்களில் அங்கே வரையாடுகள் நிற்கும். கட்டையான உடம்பு, பின்னோக்கி வளைந்த கொம்பு, பக்கத்தில் ஆள் வந்தாலும் பதறாத நிதானம். உலகத்தில் வேறெங்கும் இந்த விலங்கு இல்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ள மேற்குத் தொடர்ச்சி மலை உச்சிகள்தான் இதன் மொத்த வீடு. 2025இல் இரு மாநிலங்களும் ஒரே சமயத்தில் எண்ணியபோது கிடைத்த தொகை 2,668.

அங்கிருந்து மலை இறங்கி, பொள்ளாச்சி, பல்லடம் கடந்து அவிநாசிப் பக்கம் வருவோம். புதுப்பாளையம் சுற்றுவட்டாரத்தில் மலையும் கிடையாது, பெருங்காடும் கிடையாது. கௌசிகா ஓடைக்கரை, வேலிகாத்தான் மண்டிய நிலம், நடுநடுவே சோளக்காடும் வாழைத் தோட்டமும். இங்கே புள்ளிமான்கள் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. ராத்திரி சோளக்காட்டுக்குள் இறங்கினால் காலையில் தோட்டத்துக்காரருக்கு மிஞ்சுவது முறிந்த தட்டுதான். "இதுகளைப் பிடிச்சுட்டுப் போய்க் காட்டுல விடுங்க" என்று வனத்துறையிடம் விவசாயிகள் கேட்பது பல வருசமாக நடக்கிறது.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வரையாடு ஈற்றுக்கு ஒரு குட்டி போடும். புள்ளிமானும் ஒரு குட்டிதான் போடும். இரண்டிலும் இரட்டைக் குட்டி அபூர்வம். அப்படியிருக்க, ஒன்றைக் காப்பாற்ற அரசு தனித் திட்டமே போட வேண்டியிருக்கிறது, இன்னொன்று சமவெளியில் தொல்லை என்று பேர் வாங்கியிருக்கிறது. குட்டி போடும் வேகத்தை வைத்து மட்டும் இதை விளக்க முடியாது. ஒரு விலங்கு எப்படிப் பெருகுகிறது என்று கேட்டால் எத்தனை குட்டி போடும் என்பதைத்தான் நாம் முதலில் விசாரிக்கிறோம். குளம்புள்ள பெரிய விலங்குகளில் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் புள்ளிமான். சினைக்காலம் ஏழரை மாதத்தில் இருந்து எட்டு மாதம் வரை. வடக்கத்திக் குளிர் நாடுகளின் மான்களுக்கெல்லாம் பருவம் என்று ஒரு மாதம் உண்டு. அப்போது எல்லா ஆணுக்கும் கொம்பு முற்றியிருக்கும், எல்லாப் பெட்டையும் பருவத்துக்கு வரும், அடுத்த வசந்தத்தில் குட்டிகள் மொத்தமாக விழும். புள்ளிமான் அப்படி இல்லை. முதுமலையில் ஒரே மந்தையைக் கவனித்தால், ஓர் ஆண் கொம்பு உதிர்த்து மொட்டைத் தலையோடு நிற்கும். பக்கத்திலேயே இன்னொன்றுக்கு மெத்தென்ற ரோமத் தோல் போர்த்திய இளங்கொம்பு வளர்ந்துகொண்டிருக்கும். மூன்றாவது, முற்றிய கொம்பை மரத்தில் தேய்த்துக்கொண்டு பெட்டையைச் சுற்றும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடிகாரம். அதனால் பெட்டை எந்த மாதம் பருவத்துக்கு வந்தாலும் தயாராக ஓர் ஆண் இருக்கும். இடத்துக்கு இடம் சில மாதங்களில் குட்டிகள் அதிகம் விழும். மற்றபடி வருசம் முழுக்கக் குட்டி உண்டு. ஈன்ற சில மாதங்களிலேயே பெட்டை மறுபடி சினைப்படவும் முடியும்.

ஈனும் நேரம் வந்ததும் பெட்டை மந்தையை விட்டு விலகிப் புதருக்குள் போய்விடும். விழுந்த குட்டியை நக்கித் துடைத்து, நஞ்சுக்கொடியைத் தானே தின்றுவிடும். அங்கே ஒரு பிறப்பு நடந்த வாசனை நிற்கக் கூடாது. அடுத்த சில நாட்கள் குட்டியின் ஒரே வேலை அசையாமல் கிடப்பது. காதை முதுகோடு ஒட்டவைத்து, கழுத்தை மண்ணில் நீட்டிப் படுத்திருக்கும். உடம்பின் வெள்ளைப் புள்ளிகள் இலையிடுக்கில் விழும் வெயில் பொட்டுகளோடு கலந்துவிடும். தாய் தூரத்தில் மேயும். பால் கொடுக்க மட்டும் வந்து போகும். வரும்போதெல்லாம் குட்டியின் பின்பக்கத்தை நக்கி, அது கழிக்கும் மூத்திரத்தையும் சாணத்தையும் தானே உட்கொள்ளும். மோப்பம் பிடித்து வருகிறவனுக்குத் தடயம் எதுவும் கிடைக்கக் கூடாதல்லவா. இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பிறகும் நரி, மலைப்பாம்பு, சிறுத்தை, செந்நாய் என்று கண்டுபிடிப்பவை கண்டுபிடித்துக்கொண்டுதான் இருக்கின்றன.

சினையைவிடத் தாய்க்குப் பெரிய செலவு பால். வயிற்றில் வளரும் குட்டிக்கு ஆகும் சக்தியைப் போல் பல மடங்கு அதைப் பாலூட்டி வளர்க்க ஆகும். ஸ்காட்லாந்தை ஒட்டிய ரம் தீவில் செம்மான்களைத் தனித்தனியாக அடையாளம் வைத்து ஐம்பது வருசத்துக்கு மேலாகக் கவனித்து வருகிறார்கள். அங்கே தெளிவாகத் தெரிந்த ஒன்று: ஒரு வருசம் குட்டியைக் காப்பாற்றி வளர்த்த பெட்டை, அடுத்த வருசம் சினைப்படும் வாய்ப்பு குறைவு. குட்டியை இழந்த பெட்டை உடம்பு தேறி உடனே சினையாகிவிடும். நம் கறவை மாட்டுக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

இனிக் கொஞ்சம் கணக்கு. பத்தாம் வகுப்புக் கணிதம் போதும். ஒரு பெட்டை மான் இரண்டு வயதில் முதல் குட்டி போடுகிறது என்றும், பிறகு வருசத்துக்கு ஒன்று, அதில் பாதி பெட்டைக் குட்டி என்றும் வைத்துக்கொள்வோம். எந்த மானும் சாகவே சாகாது என்றால், பத்துப் பெட்டைகள் பத்து வருசத்தில் இருநூறைத் தாண்டிவிடும். வருசத்துக்கு 37 சதவீத வளர்ச்சி. இரண்டே கால் வருசத்தில் மந்தை இரட்டித்துவிடும். ஈற்றுக்கு ஒரே ஒரு குட்டி போடும் விலங்கின் வேகம் இது!

சாவைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுவோம். குட்டிகளில் பாதி முதல் வருசத்திலேயே போய்விடுகிறது, ஒரு வயது தாண்டியவற்றில் வருசத்துக்கு நூற்றுக்குப் பத்து சாகிறது என்றால், வளர்ச்சி 10 சதவீதமாக இறங்கும். இரட்டிக்க ஏழு வருசம். இன்னும் இறுக்குவோம். குட்டிகளில் நூற்றுக்கு முப்பதுதான் தேறுகிறது, பெரியவற்றில் பதினைந்து சாகிறது என்றால் மந்தை வருசத்துக்கு 2 சதவீதம் தேயத் தொடங்கும். மூன்று கணக்கிலும் பிறப்பு ஒன்றுதான். வருசத்துக்கு ஒரு குட்டி என்பதை நாம் தொடவே இல்லை.

இதே கணக்கில் இன்னொரு சங்கதி ஒளிந்திருக்கிறது. 10 சதவீதம் வளரும் அந்த மந்தையை நிறுத்த இரண்டு வழி. குட்டிகள் தேறுவதை ஐம்பதில் இருந்து இருபத்திரண்டுக்குக் கொண்டுவர வேண்டும், பாதிக்கும் கீழே. அல்லது பெரியவை பிழைப்பதைத் தொண்ணூறில் இருந்து எண்பதுக்குக் கொண்டுவந்தால் போதும். ஆக, வளர்ந்த தாயின் உயிருக்குத்தான் எடை அதிகம். ஒரு குட்டி செத்தால் தாய் அடுத்த வருசம் இன்னொன்று போடுவாள். தாய் செத்தால் இனி வர வேண்டிய அத்தனை குட்டிகளும் போச்சு.

ஆனால் காட்டில் நடப்பதைப் பார்த்தால் வேறொரு முகம் தெரிகிறது. உலகின் பல பகுதிகளில் மான், ஆடு இனங்களை நீண்ட காலம் ஆராய்ந்தவர்கள் கண்டது இது: வளர்ந்த பெட்டைகள் பிழைப்பது வருசத்துக்கு வருசம் அவ்வளவாக மாறுவதில்லை. மழை பொய்த்தாலும் அவை எப்படியோ தாக்குப்பிடித்துவிடும். அடி வாங்குவது குட்டிகள்தான். நல்ல வருசம் என்றால் முக்கால்வாசி தேறும், கெட்ட வருசம் என்றால் கால்வாசிகூடத் தேறாது. எனவே மந்தையின் எண்ணிக்கை ஏறி இறங்குவதைப் பெரும்பாலும் ஆட்டிவைப்பது அந்த முதல் வருசம். மந்தை மொத்தமாக அழிகிறதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது தாய்.

சாகடிப்பவர்கள் யார்? நம் பக்கம் முதல் பெயர் செந்நாய். சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்த ஏ.ஜே.டி. ஜான்சிங், 1976 முதல் 1978 வரை பந்திப்பூரில் தங்கிச் செந்நாய்களின் பின்னாலேயே அலைந்தார். காட்டில் சுதந்திரமாகத் திரியும் பெரிய விலங்கு ஒன்றை இந்தியர் ஒருவர் முறையாக ஆராய்ந்ததில் அது முன்னோடிப் பணி. பந்திப்பூர், முதுமலை, மாயாறு, சத்தியமங்கலம் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே காடு என்பதால் அது நம் காட்டின் கதையும்தான். செந்நாய்க்கு முதன்மை இரை புள்ளிமான் என்பது அவர் வேலையில் துலக்கமாகத் தெரிந்தது. சிறுத்தை பதுங்கி ஒற்றையாக அடிக்கும். செந்நாய் கூட்டமாகத் துரத்தும், சில நிமிடங்களில் எலும்பு வரை வந்துவிடும். பார்க்கச் சகிக்காத காட்சிதான். அதனாலேயே வெள்ளைக்காரன் காலத்தில் செந்நாய்த் தலைக்குப் பரிசு வைத்துக் கொன்றார்கள்.

புலிக் கணக்கு இன்னும் நேரடியானது. ஒரு புலிக்கு வருசத்துக்கு மான் அளவில் ஏறத்தாழ 50 இரை வேண்டும். இரை விலங்குகளில் வருசத்துக்குப் பத்தில் ஒன்றைத்தான் அது எடுக்க முடியும். அதற்கு மேல் போனால் முதலே கரைந்துவிடும். எனவே ஒரு புலிக்கு 500 தலை இரை. நாகரஹொளேயில் உல்லாஸ் கரந்த் செய்த ஆய்வுகளில் இருந்து பரவிய கணக்கு இது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தில் புலிகள் 80 வரை பெருகியதற்காக 2022இல் சர்வதேச விருது கொடுத்தார்கள். பத்திரிகைகள் புலிப் படம் போட்டன. விருதில் பாதி, எட்டொன்பது மாதம் சுமந்து வருசத்துக்கு ஒன்று போட்டு, அதில் பத்தில் ஒன்றைக் கொடுத்துவிட்டும் குறையாமல் நின்ற புள்ளிமானுக்கும் கடமானுக்கும் காட்டெருமைக்கும் போயிருக்க வேண்டும்.

அவிநாசிப் பக்கம் புலியும் இல்லை, செந்நாயும் இல்லை. சாவு அங்கே வேறு உருவத்தில் வருகிறது. தெருநாய்க் கூட்டம், சுவரில்லாத தரைக்கிணறு, நெடுஞ்சாலை வண்டிகள், கம்பி வேலி. இவை மானைக் கொல்கின்றன. ஆனால் ஒரு செந்நாய்க் கூட்டம் ஒரு பள்ளத்தாக்கையே வருசம் முழுக்கச் சலித்தெடுப்பதுபோல் அல்ல. நாய் பெரும்பாலும் குட்டியையும் நோஞ்சானையும் பிடிக்கும். திடமான தாய் தப்பிவிடும். மேலே பார்த்த கணக்கில் எதைத் தொட்டால் மந்தை நிற்குமோ அதை இவை அதிகம் தொடுவதில்லை.

கோவை நகருக்குள்ளேயே இதற்கு ஒரு சின்ன உதாரணம் உண்டு. வ.உ.சி. உயிரியல் பூங்காவின் அங்கீகாரத்தை மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2022இல் ரத்து செய்தது. இட நெருக்கடி முக்கியமான குறை. அங்கிருந்த புள்ளிமான்களை 2024இல் சிறுவாணி அடிவாரக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். கொல்பவன் இல்லாமல், வேளாவேளைக்குத் தீவனத்தோடு அடைபட்ட இடத்தில் மான் என்ன செய்யும்? பெருகும். எந்த மான் பூங்காவிலும் இதுதான் கதை.

அப்படியானால் கொல்பவன் இல்லாத இடத்தில் மான் முடிவில்லாமல் பெருகிக்கொண்டே போகுமா? காங்கேயம், தாராபுரம், வெள்ளக்கோவில் பக்கத்துக் கொறங்காட்டுக்காரரைக் கேட்டால் சிரிப்பார். சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கும் நெற்றுக்கும் வெள்வேல் மரம். இத்தனை ஏக்கருக்கு இத்தனை உருப்படி என்பது அவருக்கு அத்துபடி. கூடுதலாக விட்டால் முதல் வருசம் மாடு மெலியும். அடுத்த வருசம் புல்லின் தூரே போய்விடும். பிறகு மழை பெய்தாலும் பழைய மேய்ச்சல் திரும்ப வராது. அதனால்தான் காட்டைப் பாத்தி பிரித்து மாற்றி மாற்றி மேய்க்கிறார். காட்டு மானுக்கு அந்தக் கணக்குப்பிள்ளை கிடையாது. புல் தீர்ந்த பிறகுதான் தீர்ந்தது தெரியும்.

தீர்வதற்கும் ஒரு வரிசை உண்டு. மந்தை நெருக்கமாகும்போது முதலில் அடிபடுவது குட்டி. தாய்க்குப் பால் குறையும், நோய் எளிதில் பிடிக்கும். அடுத்தது முதல் ஈற்றின் வயது. இரண்டு வயதில் சினையாக வேண்டிய பெட்டை உடம்பு தேறாமல் மூன்று வயதுக்குத் தள்ளிப்போடும். பிறகு வளர்ந்த பெட்டைகள் வருசம் விட்டு வருசம் ஈனத் தொடங்கும். கடைசியில்தான் வளர்ந்தவை சாகும். ரம் தீவின் ஒரு பகுதியில் 1970களின் தொடக்கத்தில் வேட்டையை நிறுத்திய பிறகு, செம்மான்கள் பெருகப் பெருக இந்த மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்தார்கள்.

இந்த வயிற்றுக் கணக்கை மிகத் தெளிவாகக் காட்டும் விலங்கு நம் ஊரில் இல்லை. வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் வாழும் மூஸ் மான்தான் அது. மான் குடும்பத்திலேயே பெரியது. முழு ஆண் 500 கிலோவைத் தாண்டும். நம் கடமான் அதன் பக்கத்தில் கன்று மாதிரி. மூஸ் இலையுதிர் காலத்தில் கூடி, எட்டு மாதம் சுமந்து, மே, ஜூனில் ஈனும். தீனி சுமார் என்றால் ஒரு குட்டி. தீனி நன்றாக இருந்தால் இரண்டு. பெட்டையின் உடம்பில் சேர்ந்த கொழுப்பு அவ்வளவு நேராகக் குட்டி எண்ணிக்கையில் தெரியும். அலாஸ்காவின் கெனாய் தீபகற்பத்தில் 1947இலும் 1969இலும் பெருந்தீ காட்டை எரித்தது. 1969இல் எரிந்த இடத்தில் இளந்தளிர் மண்டியிருந்த காலத்தில், குட்டியோடு இருந்த தாய்களில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு இரட்டை. 1947இல் எரிந்து அதற்குள் மரம் உயர்ந்துவிட்ட இடத்தில் 22 சதவீதத்துக்கு மட்டும். ஒரே இனம், ஒரே தீபகற்பம். அதற்குப் பிறகு ஆய்வாளர்கள் காட்டின் தீனி எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் புல்லையும் தழையையும் அளப்பதைவிட, இரட்டைக் குட்டித் தாய்களை எண்ணுவது சுலபம் என்று கண்டார்கள்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் முன்பு மூஸே கிடையாது. 1904இல் இரண்டு ஆண், இரண்டு பெட்டை என நான்கைக் கொண்டுவந்து விட்டார்கள். அங்கிருந்த ஓநாயும் 1930 வாக்கில் அற்றுப்போனது. 1990களில் தீவில் மூஸ் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. நான்கு ஒரு லட்சமாக ஏறத்தாழ பதினைந்து முறை இரட்டிக்க வேண்டும். தொண்ணூறு வருசத்தில் சராசரியாக ஆறு வருசத்துக்கு ஒரு இரட்டிப்பு. நம் புள்ளிமானும் சளைத்ததல்ல. 1860களின் கடைசியில் ஹவாய் அரசருக்குப் பரிசாகப் போன சில புள்ளிமான்களின் வாரிசுகள் அங்கே இன்று மேய்ச்சல் நிலத்தையே மொட்டையடிக்கின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தமானில் விட்டவை மழைக்காட்டு இளங்கன்றுகளை மேய்ந்து தீர்க்கின்றன. இரண்டு இடத்திலும் அவற்றைக் கொன்று தின்னும் விலங்கு எதுவும் இல்லை. குட்டி மட்டும் அதே ஒன்றுதான்.

பெருகியது விழுந்த கதை வேண்டுமானால் பேரிங் கடலில் உள்ள செயின்ட் மேத்யூ தீவு. 1944இல் அமெரிக்கக் கடலோரக் காவல் படை 29 கலைமான்களை அங்கே இறக்கியது. பனிப்பிரதேசத்துக் கலைமான்களைச் சொல்கிறேன், நம் வெளிமானை அல்ல. 1963இல் அவை 6,000. குளிர்காலத்தில் தின்ன அவற்றுக்கு இருந்தது மெதுவாக வளரும் பாறைப்பாசி. அது தீர்ந்த நிலையில் வந்தது ஒரு கடுங்குளிர். 1966இல் எண்ணியபோது 42. அதில் ஒன்றைத் தவிர எல்லாம் பெட்டை. பிறகு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் உள்ள ஐல் ராயல் தீவில் இவ்வளவு மோசமில்லை. ஆனால் படிப்பினை அதிகம். பெரிய விலங்கு என்று மூஸும் ஓநாயும் மட்டும் உள்ள அந்தத் தீவை 1958இல் இருந்து இடைவிடாமல் கவனித்து வருகிறார்கள். 1980களின் தொடக்கத்தில் நாய்களிடம் இருந்து வந்த பார்வோ வைரஸ் நோயால் ஓநாய்கள் 50இல் இருந்து 14 ஆகச் சரிந்தன. பிடி தளர்ந்ததும் மூஸ் ஏறியது. 1995இல் 2,400. அடுத்து ஒரு கொடிய குளிர், தீனிப் பஞ்சம். இரண்டே வருசத்தில் 500. ஓநாய் ஒழுங்காக இருந்திருந்தால் ஆயிரம் சொச்சத்தில் நின்றிருக்கும் என்று சொல்லத் தோன்றும். அந்தத் தீவு அறுபது வருசத்தில் ஒரு தடவையும் ஓரிடத்தில் நின்றதில்லை என்பதுதான் உண்மை. இயற்கைச் சமநிலை என்று மேடைகளில் பேசுகிறவர்களை அந்த வரைபடத்தைப் பார்க்கச் சொல்லலாம்.

தாயின் உயிருக்கே எடை என்பதை உலகிலேயே பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் சுவீடன் வேட்டைக்காரர்கள். அங்கே காட்டை வெட்டி இளம் பைன் நட்டதில் மூஸுக்குத் தீனி பெருகியது, ஓநாயோ ஏறக்குறைய இல்லை. அதோடு குட்டிகளைச் சுடலாம், குட்டி ஈனும் பெட்டைகளை விட்டுவிட வேண்டும் என்று வேட்டை முறையை மாற்றினார்கள். கேட்க ஈவிரக்கமற்றதாக இருக்கும். கணக்குப்படி சரி. 1982இல் மட்டும் ஏறத்தாழ 1,75,000 மூஸ்களைச் சுட்டார்கள். அதற்குப் பிறகும் மூஸ் இல்லாத மாவட்டம் அங்கே அரிது.

இந்தக் கணக்கு எல்லா விலங்குக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொங்கு விவசாயியை மானைவிட அதிகம் அழவைப்பது காட்டுப்பன்றி. அதற்குச் சினைக்காலம் நான்கு மாதத்துக்கும் குறைவு, ஈற்றுக்கு நாலைந்து குட்டி, நல்ல தீனி என்றால் அதற்கும் மேல். அங்கே பிறப்புதான் ராஜா. காப்புக்காட்டில் இருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையே சுடலாம் என்று தமிழக அரசு 2025 தொடக்கத்தில் உத்தரவு போட்டது. அது பயன் தருமா என்பது, சுடும் வேகம் ஈனும் வேகத்தை எட்டுமா என்பதைப் பொறுத்தது. எனக்குச் சந்தேகம்தான். நிலக்கடலையும் மக்காச்சோளமும் வருசம் முழுக்க மேசை போட்டுப் பரிமாறும் நிலத்தில் பன்றியின் வயிறு எப்போதும் நிறைந்தே இருக்கிறது.

வரையாட்டுக்கு வருவோம். ஆனைமலையின் புல்மலை முதல் நீலகிரியின் முக்கூர்த்தி வரை, தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் கிடாக்கள் மோதும். முதிர்ந்த கிடாவின் முதுகில் வெள்ளிச் சேணம் போட்டதுபோல் ஒரு வெளுப்பு வந்துவிடும். ஆறு மாதம் சினை. ஜனவரி, பிப்ரவரியில் குட்டிகள். கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்காவை ஒவ்வொரு வருசமும் அந்தச் சமயத்தில் பயணிகளுக்கு மூடிவிடுவது இதற்காகத்தான். குட்டி உடனே இறந்துவிட்டால் பெட்டை அதே வருசத்தில் மறுபடியும் சினையாக முடியும். ஆனால் முதல் ஈற்று பெரும்பாலும் மூன்று வயதை ஒட்டித்தான். 1979 முதல் 1981 வரை இரவிகுளத்தில் தங்கி ஆராய்ந்த கிளிஃபோர்டு ரைஸ் கண்டது, இந்த ஆடு ஒன்பது வயது வரை வாழ முடிந்தாலும், பிறந்த குட்டியின் சராசரி ஆயுள் மூன்று, மூன்றரை வருசமே. அவ்வளவு குட்டிகள் தொடக்கத்திலேயே போய்விடுகின்றன.

முதல் ஈற்று ஒரு வருசம் தள்ளிப்போவதால் என்ன பெரிய நட்டம் என்று கேட்கலாம். மேலே போட்ட கணக்கில் மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்து, இரண்டு வயது என்பதை மூன்று என்று மட்டும் மாற்றினால், 10 சதவீத வளர்ச்சி ஏழரையாகும். இரட்டிக்க ஏழு வருசம் பிடித்தது பத்தை நெருங்கும். இதோடு, வரையாடு மேயும் நிலம் ஆயிரக்கணக்கான அடி உயரத்தில் புல்லும் பாறையும் உள்ள தீவுகள். நடுவே தேயிலை, வேல இனத்துச் சீகை மரம், பள்ளத்தாக்கு. புள்ளிமான் சோளக்காட்டுக்கு இறங்குகிறது. வரையாடு பாறையை விட்டு இறங்காது. வெள்ளியங்கிரியில் ஒரு மந்தை, சிறுவாணியில் ஒரு மந்தை என்று சிதறிக் கிடக்கும் சின்ன மந்தைகளில், ஒரு கெட்ட வருசத்தில் மூன்று தாய் செத்தாலே கணக்கு புரண்டுவிடும்.

இ.ஆர்.சி. டேவிதார் 1970களின் நடுவில் மலை மலையாக ஏறி வரையாட்டை எண்ணினார். அவர் மதிப்பு 2,200ஐ ஒட்டியது. ஐம்பது வருசம் கழித்து 2,668. எண்ணிய முறைகள் வேறு என்பதால் இவற்றை நேருக்கு நேர் நிறுத்தி வளர்ச்சி கண்டுபிடிக்க முடியாது. ஆனால் நாலு மூஸ் ஒரு லட்சம் ஆன கதை இதில் இல்லை என்பது தெரியும். அவர் நினைவாகத்தான் அக்டோபர் 7ஐ வரையாடு தினமாகத் தமிழக அரசு அறிவித்தது. நீலகிரி வரையாடு திட்டமும் 2023இல் தொடங்கியது.

திட்டத்தின் கீழ் நடந்த முதல் கணக்கெடுப்பில், 2024இல், தமிழ்நாட்டில் 1,031. அடுத்த வருசம் 1,303. ஒரே வருசத்தில் 272 கூடியது என்று செய்தி வந்தது. நம் கணக்கில் வைத்துப் பார்ப்போம். அது 26 சதவீதம். மூன்று வயதில் முதல் ஈற்று, வருசத்துக்கு ஒரு குட்டி என்ற விலங்கில் ஓர் ஆடுகூடச் சாகவில்லை என்றாலும் 30 சதவீதத்தைத் தாண்ட முடியாது. பாதிக் குட்டி செத்து, நூற்றுக்குப் பத்துப் பெரியவை செத்தால் 1,031இல் இருந்து 77 கூடும். ஆகவே 272இல் பெரும்பகுதி அந்த வருசம் பிறந்தவை அல்ல. முன்பே அங்கே இருந்து, முந்தைய கணக்கில் கண்ணில் படாமல் போனவை. மூடுபனி இறங்கினால் பத்தடியில் நிற்கும் ஆடு தெரியாது. எண்ணும் இடங்கள் கூடினால் ஆடும் கூடும். இது யாருடைய குற்றமும் அல்ல. முதல் இரண்டு கணக்கெடுப்புகள் எந்த நாட்டிலும் இப்படித்தான் இருக்கும்.

மொத்தத் தொகைக்கு அடியில் இன்னொரு கணக்கு இருக்கிறது. பாறைக்கு எதிர்ச்சரிவில் தொலைநோக்கியோடு உட்காரும் குழு தலைகளை மட்டும் எண்ணுவதில்லை. வெள்ளிச் சேணக் கிடா எத்தனை, இளங்கிடா எத்தனை, வளர்ந்த பெட்டை எத்தனை, சென்ற வருசத்துக் குட்டி எத்தனை, இந்த வருசத்துக் குட்டி எத்தனை என்று கட்டம் போட்டுக் குறிக்கிறது. பனியில் பாதி மந்தை மறைந்துபோனாலும், தெரிந்த பாதியில் நூறு பெட்டைக்கு எத்தனை சென்ற வருசத்துக் குட்டி என்ற விகிதம் பெரிதாகப் பிசகாது. ஏப்ரலில் எண்ணும்போது அது முப்பதுக்குக் கீழே கிடந்தால், மொத்தம் 1,303 ஆனாலும் 1,500 ஆனாலும் அந்த மலையில் ஏதோ குட்டிகளைத் தின்கிறது, அல்லது தாய்க்குப் பால் இல்லை. ஐம்பதை ஒட்டி இருந்தால் பெட்டைகளுக்கு என்ன ஆகிறது என்று மட்டும் பார்த்தால் போதும். அவிநாசிப் புள்ளிமானுக்கும் இதே கட்டத்தைப் போடலாம். பிடித்துக் காட்டில் விடுவதா வேண்டாமா என்று பேசுவதற்கு முன்னால், ஒரு கோடையிலும் ஒரு ஐப்பசியிலும் ஓடைக்கரையில் நாலு பேர் உட்கார்ந்து பெட்டையையும் குட்டியையும் தனித்தனியாக எண்ணினால் பாதி விவாதம் அங்கேயே தீரும். பெரிய செலவு இல்லாத வேலை. விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.